மடத்தில் ஒரு நாள் தையல் வேலை

மகள் வாழும் ஊருக்கு மூன்று பஸ் மாறிப் போக வேண்டும். இரண்டரை நாள் பயணம். தையல்கார அம்மாளும், கண்டக்டராக இருந்து ஓய்வுபெற்ற அவள் கணவரும் முதல் பஸ்ஸிலிருந்து இறங்கியபோது, இரண்டாவது பஸ் கிளம்பிப் போயிருந்தது. அடுத்தது மறுநாள் காலை ஒன்பதுக்குத்தான். அந்தச் சின்ன மலையூரில் லாட்ஜிலும் இடமில்லை.

"மேல பெனடிக்டின்னு கிறிஸ்தவ சாமியாருங்க மடம் இருக்கு. யார் போனாலும் தங்க இடம் குடுப்பாங்க" என்று டிக்கெட் கொடுப்பவர் கைகாட்டினார்.

மடத்தின் கதவைத் திறந்தவர் விருந்தினர்களைக் கவனிக்கும் பிரதர். குள்ளமான மனிதர். வாய்நிறைய வரவேற்று, பெட்டியை வாங்கிக்கொண்டு படியேறியவர், மூன்றாம் படியில் தன் கறுப்பு அங்கியின் ஓரத்தைத் தானே மிதித்துத் தடுமாறினார். ஐந்தாம் படியில் மறுபடியும்.

"கொஞ்சம் நில்லுங்க பிரதர். இது உங்க அளவே இல்லையே!"

"முன்ன இருந்தவர் ஆறடிம்மா. அவர் வேற மடத்துக்குப் போயிட்டார், அங்கி எனக்கு வந்துடுச்சு."

"எத்தனை வருஷமாச்சு?"

"நாலு."

நாலு வருஷமாக ஒரு மனிதர் தடுக்கித் தடுக்கி நடக்கிறார், ஓரத்தை மடித்துத் தைக்க ஒருவருக்கும் தோன்றவில்லை! அவளால் அதை ஜீரணிக்கவே முடியவில்லை.

அன்று இரவு, சாப்பாட்டு அறையில் யாரும் பேசக்கூடாது. ஒருவர் மட்டும் நின்றபடி ஏதோ புத்தகத்தை உரக்க வாசித்தார். பஸ் இரைச்சலுக்கு மேல் கத்தியே பழகிய கணவர், தண்ணீர் கேட்க வாயைத் திறந்தவர், நினைவு வந்து மூடிக்கொண்டு கையால் சைகை காட்டினார். எதிரே இருந்த துறவி புன்னகையோடு உப்பை நகர்த்தினார். கண்டக்டர் முழித்த முழியில் அவளுக்குச் சிரிப்பு பீறிட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

காலையில் அவள் கேட்டதும், பிரதர் பழைய சாமான் அறையிலிருந்து காலால் மிதிக்கும் தையல் மிஷின் ஒன்றைக் கொண்டுவந்தார். கணவர் துருவைத் துடைத்து எண்ணெய் விட்டார். கால் மணி நேரத்தில் அங்கியின் ஓரம் ஏறியது. நிமிர்ந்து பார்த்தால் வாசலில் வரிசை! ஒருவருக்குப் பாக்கெட் கிழிசல், சமையல் பிரதருக்குத் தோள் பிரிந்திருந்தது. கடைசியில் மடத்துத் தலைவரே, முழங்கை கிழிந்த அங்கியைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு கூச்சத்தோடு நின்றார்.

"பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றார் கணவர்.

"நாளைக்கும் பஸ் வரும்ல?" என்றாள் அவள், ஊசியில் நூலைக் கோத்தபடி.

உச்சிவேளையில், தலைவரின் அங்கியில் கை வைத்திருந்தபோது மணி அடித்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த தலைவர் பேச்சைப் பாதியில் விட்டு எழுந்தார்.

"இன்னும் நாலே தையல் சாமி!"

"மணி அடிச்சிடுச்சேம்மா. வந்து பாத்துக்கலாம். துணி எங்க ஓடிடப் போகுது?"

எல்லோரும் ஜெபத்துக்குப் போய்விட்டார்கள். தோட்டத்தில் மண்வெட்டிகூட அப்படியே குத்தி நின்றது. அடுப்பில் பால் பொங்கினாலும் மடிப்பை முடித்துவிட்டே எழும் பழக்கம் அவளுக்கு. பள்ளிக்கூடம் திறக்கும் மாதங்களில், சீருடை தைக்கும் அவசரத்தில் ஆறிய சோற்றைத்தான் தின்றிருக்கிறாள். சரி, நாமும் செய்துதான் பார்ப்போமே என்று காலைப் பெடலிலிருந்து எடுத்து, கைகளை மடியில் வைத்துக்கொண்டாள். ஜன்னல் வெயில் மிஷின் மேல் விழுந்தது. தூரத்தில் பாட்டுச் சத்தம். முதுகு வலிப்பதே அப்போதுதான் தெரிந்தது. அதுவும் மெல்ல விட்டது. சும்மா இருப்பதற்கும் பழக்கம் வேண்டும்போல என்று நினைத்துக்கொண்டாள். நன்றாகத்தான் இருந்தது.

ஐந்து நிமிஷம் ஆகியிருக்கும். அக்கம்பக்கம் பார்த்தாள். யாருமில்லை. அந்த நாலு தையலையும் மளமளவென்று போட்டு நூலை அறுத்தாள்.

பஸ் நிலையத்துக்கு வந்திருந்த மகள் கேட்ட முதல் கேள்வியே, "ரெண்டு நாள் லேட்டாகும்னு மட்டும் மெசேஜ் போட்டீங்க. என்னதான் ஆச்சு?" என்பதுதான்.

"உங்கம்மா வழியில ஒரு கடை தொறந்துட்டா" என்றார் அப்பா. "பதினோரு கஸ்டமர். எல்லாருக்கும் ஒரே கறுப்புத் துணி!"

மகள் ஒன்றும் புரியாமல் அம்மாவைப் பார்த்தாள். அம்மா சிரித்துக்கொண்டே பெட்டியை அவள் கையில் திணித்தாள்.