ஆணிக்காரன் வாலெண்டி

சிகாகோவில் மாடறுக்கும் ஆலைகளுக்குப் பின்னால் இருந்த போலந்துக்காரர் தெருக்களில் வாலெண்டி குருஷ்காவைத் தெரியாதவர் கிடையாது. வாங்க என்று கூப்பிட்டவரும் கிடையாது. சுகாதார இலாகாவில் அவருக்கு ஒரே வேலை, தொண்டை அடைப்பான் என்ற தொற்றுநோய் கண்ட வீட்டுக் கதவில் சிவப்பு அட்டையை ஆணி வைத்து அடிப்பது. அட்டை ஏறினால் அந்த வீட்டார் மூன்று வாரம் படி தாண்டக் கூடாது. பிழைப்பு போய்விடுமே என்று பிள்ளைக்கு மூச்சு முட்டும்வரை நோயை ஒளித்து வைப்பார்கள். கடைசியில் திட்டு வாங்குவது என்னவோ ஆணிக்காரன்தான். பதினோரு வருஷமாக, பெண்டாட்டி பிள்ளை இல்லாத அந்த மனிதர் உருளைக்கிழங்கு வேகவைத்து, சுவரைப் பார்த்துத் தின்றுவிட்டுப் படுத்தார்.

1913 கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் டாக்டரின் சீட்டு வந்தது: ஆலையில் வேலை பார்க்கும் விதவை புரோனியாவின் மகள் ஹேலா, ஆறு வயது, ஊசி போட்டாயிற்று, ஆனால் இரண்டு நாள் தாமதம்.

அவர் கதவைத் தட்டியபோது, பண்டிகைச் சாப்பாட்டுக்கு உட்காரச் சொல்லும் முதல் நட்சத்திரம் வந்துவிட்டது. மேசையில், எதிர்பாராத விருந்தாளிக்கென்று வழக்கப்படி ஒரு தட்டு கூடுதலாக இருந்தது. அன்று யார் வந்தாலும் உட்கார வைத்தாக வேண்டும்.

"வந்தது வந்துட்டீங்க, உக்காருங்க. சாப்பிட்டுட்டு உங்க எழவு அட்டையை அடிங்க," என்றாள் புரோனியா.

அவருக்கும் உட்காரத்தான் ஆசை. அப்படி ஓர் ஆசை.

பண்டிகை அப்பத்தை ஒருவர் நீட்ட, மற்றவர் அதில் விண்டு தின்று வாழ்த்த வேண்டும். போர்வைக்குள்ளிருந்த ஹேலா, தான் கடித்த அப்பத்தைத் தம்பிகள் இருவரிடமும் நீட்டினாள். "மாமா, நீங்களும் எடுத்துக்குங்க. நல்லா இருங்க."

வாலெண்டி அதைப் பிடுங்கி அடுப்பில் போட்டார்.

"பாவி! ஆசீர்வாதம் பண்ண அப்பத்தையா எரிச்சே?"

"அவ வாய் பட்டது, தாயி. சின்னதுங்க தின்னுடக் கூடாது."

"வெளிய போய்யா! நீ செத்தா அழ ஒரு நாதி இருக்காது!"

அவர் வெளியே வந்து அட்டையை அடித்தார்.

மூன்றாம் நாள் ஹேலா போய்விட்டாள். அட்டை தொங்கிய வீட்டுக்கு யாரும் வரவில்லை; தாயும் வெளியே வர முடியாது. சவவண்டிக்குப் பின்னால் வாலெண்டி ஒருவர்தான் பனியில் நடந்தார். குழியருகே நின்று ஜெபம் சொன்னதும் அவர்தான்.

கெடு முடிந்து அவர் ஆணியைப் பிடுங்கியதும் தம்பிகள் இருவரும் தெருவுக்கு ஓடினார்கள். புரோனியா வாசலில் நின்றாள்.

"அவளை எங்க வெச்சிருக்கு?"

"வாங்க தாயி, காட்டறேன்."

"வழியை மட்டும் சொல்லுங்க," என்றாள். "கூட வராதீங்க."

அவர் சொன்னார்.