வல்லை வெளியில் வெடித்த துவக்கு

காலை ஒன்பது மணிக்குக் கொக்குவிலில் பஸ் ஏறியபோது என் கையில் இருந்தவை ஒரு பவுடர் டின்னும் பழைய படுக்கை விரிப்பும்தான். புத்தூருக்குத் துவக்கு வாங்கப் போகிறேன். துப்பாக்கியை எங்கள் பக்கத்தில் துவக்கு என்போம். பயப்படாதீர்கள், நாடகத்துக்குத்தான்.

மாலை ஆறு மணிக்குக் கரவெட்டியில் எங்கள் நாடகம். காவலாளி, பிணம், இரண்டாம் கமக்காரன் என்று ஒப்பேற்றி வந்த எனக்கு முதன்முறையாகப் பெரிய வேஷம்: ஒல்லாந்தர் காலத்து வேட்டைக்காரன். ஒத்திகையில் வீடு கூட்டும் தும்புத்தடியைத் தூக்கிக் குறிபார்த்தேன். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நெறியாளர் செல்வியக்கா கறாராகச் சொல்லிவிட்டார்:

"நல்ல துவக்கோடை வா. இல்லையெண்டால் வேஷம் ரவிக்கு."

யாழ்ப்பாணத்தில் பஸ் மாறி, கோப்பாய், நீர்வேலி வாழைத் தோட்டங்களைக் கடந்து, பத்தேமுக்காலுக்குப் புத்தூர்ச் சந்தியில் இறங்கினேன். கதவு, யன்னல் செய்யும் தவம் அண்ணையின் பட்டறை சந்திக்குப் பக்கத்திலேயே. போன மாதம் சட்டைக்கு அளவெடுப்பதுபோல் என் கையையும் தோளையும் அளந்திருந்தார். இப்போது மேசையில் கிடந்தது என் துவக்கு! வேப்பமரக் கட்டை, கறுப்புப் பூசிய குழாய். வாய்வழியே வெடிமருந்து போட்டுக் கம்பியால் இடிக்கும் பழைய வகை. அதனால்தான் அதற்கு இடியன் என்று பெயர்.

"நீர் இடக்கையெல்லே? மருந்தைத் தட்டுற குதிரையை மற்றப் பக்கம் வைச்சனான். உப்பிடி ஒண்டு உலகத்திலை ஒருத்தனிட்டையும் இல்லை," என்று தவம் அண்ணை பெருமையடித்தார்.

குழாய்க்குள் பவுடரைக் கொட்டி நானே இடித்தேன். விசையை இழுத்ததும் கட்டைக்குள் ஒளித்து வைத்திருந்த ரப்பர் குமிழ் அமுங்கியது. வெள்ளைப் புகை பாய்ந்து, வாசலில் நின்ற கறுப்பு ஆடு வெள்ளாடாகிவிட்டது. சின்னப்பிள்ளைபோல் துள்ளினேன். ஆறாயிரம் ரூபாயைக் கொடுத்து, மறுபடி பவுடரை இடித்து, துவக்கை விரிப்பில் சுற்றிக்கொண்டு பருத்தித்துறை பஸ்ஸில் ஏறினேன்.

வீடு வாசல் இல்லாத வல்லை வெளியில் காற்று யன்னல்களை உலுப்பிக்கொண்டிருந்தபோது செல்வியக்கா போனில் அழைத்தார். காற்றுக்கு மேலாகக் கத்தினேன்:

"ஓம் அக்கா! துவக்கு என்ரை மடியிலைதான் இருக்கு! மருந்தும் இடிச்சாச்சு!"

பஸ் முழுக்கப் பேச்சு நின்றுபோனது. பக்கத்தில் இருந்த அம்மா பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஒதுங்கினார். முன்னால் இருந்தவர் திரும்பிப் பார்க்காமலே தலையைக் குனிந்தார். அந்தச் சொல்லுக்கு எப்படிக் குனிவதென்று போரைக் கடந்துவந்த எங்கள் ஆட்களுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

கொண்டக்டர் வந்தார். "அண்ணை, உந்த விரிப்புக்குள்ளை என்ன?"

"நாடகத்துக்குத் தம்பி. மரத்தாலை செய்தது. மருந்தெண்டது முகத்துக்குப் போடுற பவுடர்."

"பகிடி விடாதேங்கோ. நெல்லியடியிலை பொலிஸ் நிக்கும். இறங்குங்கோ."

இந்த வெளியில் இறங்கினால் அடுத்த பஸ் எப்போது வருமோ. வேஷம் ரவிக்குத்தான். வேறு வழி தெரியவில்லை. விரிப்பை அவிழ்த்தேன், கூரையைப் பார்த்துப் பிடித்தேன், விசையை இழுத்தேன்.

புஸ்!

குழந்தைப் பவுடர் வாசம் பஸ் முழுக்கப் பரவியது. புகை அடங்கியபோது கொண்டக்டருக்குப் புருவம்கூட வெள்ளை. பையை அணைத்திருந்த அம்மா அவரைப் பார்த்துச் சொன்னார்:

"தம்பி, இப்பதான் நீ வடிவாயிருக்கிறாய்."

பஸ்ஸே குலுங்கிச் சிரித்தது. குனிந்திருந்தவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கொண்டக்டர் தும்மித் தும்மிச் சிரித்தபடி, "எத்தினை மணிக்கு நாடகம்?" என்று கேட்டார்.

மாலை ஆறரையாகியும் திரை விலகவில்லை. ஒலிபெருக்கி மக்கர் பண்ணியது. நான் துவக்கோடு திரைக்குப் பின்னால் வியர்த்துக்கொண்டு நின்றேன். திரை இடுக்கால் எட்டிப் பார்த்தால், மூன்றாம் வரிசையில் கொண்டக்டர், மனைவி பிள்ளைகளோடு. அவருக்குப் பொறுமை போய்விட்டது. எழுந்து நின்று கத்தினார்:

"துவக்குங்கோ அண்ணை, துவக்குங்கோ!"

மண்டபம் சிரித்தது. அந்தச் சொல்லுக்குத் தொடங்கு என்றும் ஒரு பொருள் இருப்பதையே நாங்கள் மறந்திருந்தோம். இந்த முறை ஒருவரும் குனியவில்லை. துவக்கை இடது தோளில் சாத்தினேன். திரை விலகியது.