கித்தாருக்கு நான் கட்டிய கம்பி

இசைக்கருவி விற்கிற கடைக்குள் இன்றைக்கும் என்னால் நுழைய முடியாது. வாசல்வரை போவேன், தொங்கும் கித்தார்களைப் பார்ப்பேன், அப்படியே திரும்பிவிடுவேன். ஒருமுறை என் மகள், "உள்ள வாப்பா, இன்னா பயம்?" என்று கையைப் பிடித்து இழுத்தாள். எரிந்து விழுந்தேன். பாவம், அவளுக்கு என்ன தெரியும்.

எழுபதுகளின் கடைசி. கவரைப்பேட்டைப் பக்கம் எங்கள் காலனி. அப்பாவின் காலம்வரை நடவும் அறுப்பும். எங்கள் காலத்தில் கும்மிடிப்பூண்டியில் ஷிப்டு. நான் கம்பி இழுக்கிற ஒரு தொழிற்சாலையில் இருந்தேன். தடித்த எஃகுக் கம்பியைத் துளை துளையாக விட்டு இழுத்து, நூல்போல மெலிதாக்குவது வேலை. அண்ணன் வேறொரு பட்டறையில் பிரஸ் மிஷினில் நின்றான். ஒருநாள் மத்தியானம் அந்த மிஷின் அவனுடைய வலதுகையின் நடுவிரல்கள் மூன்றையும் எடுத்துக்கொண்டது. கட்டைவிரலும் சுண்டுவிரலும் மிஞ்சின.

அதற்கு முன்னால் ஞாயிறுதோறும் எங்கள் சபையில் கித்தார் வாசித்தவன் அவன்தான். கித்தார் போதகருடையது. அவர் மாற்றலாகிப் போனபோது அதையும் எடுத்துப் போய்விட்டார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. வாசிக்க ஆள் எங்கே?

அண்ணன் சுவரைப் பார்த்துப் படுத்தவன் படுத்தவன்தான். கையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, சாப்பாட்டுக்கு மட்டும் எழுந்தான். ஒருநாள் அவன் தலைமாட்டில் பூச்சிமருந்துப் புட்டி இருந்ததை அம்மா பார்த்தாள். எடுத்துப்போய் எங்கேயோ புதைத்துவிட்டு வந்தாள். அதைப் பற்றி வீட்டில் யாரும் வாய் திறக்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து அவனைத் தனியே விட்டு யாரும் வெளியே போகவும் இல்லை.

இடது கை முழுசாகத்தானே இருக்கிறது, வலது கட்டைவிரலால் மீட்டினால் ஆகாதா என்று எனக்குத் தோன்றியது. ஒரு கித்தார் வாங்கிக் கொடுத்துவிட்டால் அண்ணன் பிழைத்துக்கொள்வான். அந்த ஒரே நினைப்பில் போனஸ் வந்த வாரமே ரயிலேறி மெட்ராசுக்குப் போனேன்.

பாரிமுனைப் பக்கம் ஒரு கடை. அங்கே ஒரு வழக்கம் இருந்தது. வாங்க வருகிறவர் நடுவில் போட்டிருந்த முக்காலியில் உட்கார்ந்து வாசித்துப் பார்க்க வேண்டும். கடைக்காரர் கைகட்டிக் கேட்பார். வாசிப்பைக் கேட்டபிறகுதான் உள்ளேயிருந்து நல்ல சரக்கு வரும். எனக்கு அது தெரியாது. "உட்காருங்க, வாசிங்க" என்றார்.

"எனக்கு வராது சார். எங்க அண்ணனுக்கு."

"அப்போ அண்ணனைக் கூட்டிட்டு வரவேண்டியதுதானே?"

வரமாட்டான் என்று எப்படிச் சொல்வது? பக்கத்தில் சாய்த்து வைத்திருந்த ஒரு கித்தாரைத் தொட்டேன். கடைக்காரர் மஞ்சள் துணியை எடுத்து, நான் தொட்ட இடத்தைத் துடைத்தார். எனக்கு அப்போதெல்லாம் மூக்குக்கு மேலே கோபம். "மேல தொங்குதே, அத்தக் குடுங்க" என்றேன். அதுதான் அதிகம் பளபளத்தது.

"அது நைலான் நரம்பு போட்டது. தெரியுமில்லே?"

"தெரியும்" என்றேன். ஒரு மண்ணும் தெரியாது.

வீட்டில் உறையைப் பிரித்துப் பாயில் வைத்தேன். அண்ணன் வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு எழுந்து உட்கார்ந்து, துண்டை அவிழ்த்தான். நாங்கள் எல்லோரும் வேறு வேலை இருப்பதுபோல வெளியே வந்துவிட்டோம். உள்ளே கட்டைவிரலால் ஒவ்வொரு நரம்பாகத் தட்டிப் பார்க்கிற சத்தம். அம்மா கிணற்றடியில் நின்று அழுதாள். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

ஒரு மாதத்தில் பாட்டுக்கு வாசிக்கிற அளவுக்கு வந்துவிட்டான். ஒரே குறை, சத்தம் எழும்பவில்லை. "இத்த வச்சிகினு சபையில இன்னாத்த வாசிக்கிறது? முன்னால குந்தியிருக்கறவனுக்கே கேக்காது" என்றான். எனக்கு அந்த நைலானைப் பார்த்தாலே ஆத்திரம். பழவேற்காட்டில் தூண்டிலுக்குக் கட்டுகிற நரம்பு மாதிரி இருந்தது. நம் கையில் எஃகு இருக்க, இதென்ன பிசாத்து நரம்பு? தொழிற்சாலையில் கழித்துப் போட்ட மெல்லிய கம்பிகளில் கனத்துக்கு ஒன்றாக ஆறு பொறுக்கிக்கொண்டு வந்தேன். அண்ணன் ஆஸ்பத்திரிக்குக் கை காட்டப் போயிருந்த நேரத்தில் நரம்பை அறுத்துவிட்டுக் கம்பியைக் கட்டினேன்.

திரும்பி வந்து பார்த்தவன் முகம் சுருங்கியது. "இது தாங்காதுடா."

"கம்பியப் பத்தி எனக்குத் தெரியாதாணா? எவ்ளோ முறுக்கினாலும் அறாது."

மீட்டினான். காலனியே திரும்பிப் பார்த்தது. அவ்வளவு கணீரென்ற சத்தம். அவனும் சிரித்துவிட்டான்.

அந்த ஞாயிறு சபையில் இரண்டாம் பாட்டு பாதியில் பட்டென்று வெடித்தது. கம்பிகளைப் பிடித்திருக்கிற மரக்கட்டை, கீழே ஒட்டியிருந்த பலகையையும் கிழித்துக்கொண்டு பெயர்ந்து வந்து அண்ணனுடைய புறங்கையில் அடித்தது. கம்பி அறாது என்று சொன்னேன் அல்லவா? ஆறில் ஒன்றுகூட அறவில்லை.

அண்ணன் மறுபடி படுத்துவிடுவான் என்று பயந்து செத்தேன். அவன் படுக்கவில்லை. "கடைக்கு எடுத்துகினு போலாம், நானும் வரேன். நீ போனா ஏமாத்திருவான்" என்றான். விபத்துக்குப் பிறகு அவன் ஊரைத் தாண்டுவது அதுதான் முதல்தடவை. சவரம் செய்துகொண்டு, வெள்ளைச் சட்டை போட்டு, கையில் புதுத்துண்டு சுற்றிக்கொண்டான். ரயிலில் எந்தக் கம்பிக்கு எந்த மரம் என்று எனக்குச் சொல்லிக்கொண்டே வந்தான்.

கடையில் கூட்டம். கல்லூரிப் பையன்கள் நாலைந்து பேர் முக்காலியைச் சுற்றி நின்றார்கள். கடைக்காரர் எங்கள் கித்தாரைத் தூக்கிப் பார்த்துவிட்டு அவர்களிடம் காட்டினார். "இதைப் பாருங்க. துணி காயப்போடுற கம்பியைக் கட்டியிருக்காங்க." சிரிப்பு. "எந்த முட்டாள்யா இதைச் செஞ்சது?"

என் காது சூடானது. நாக்கு தானாகப் புரண்டது. "எங்க அண்ணன் சார். நான் சொல்லச் சொல்லக் கேக்கல."

அண்ணன் என் பக்கத்தில்தான் நின்றிருந்தான். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. "ஆமா சார். நான்தான்" என்றான்.

கடைக்காரர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். மட்டமான மனுஷன் இல்லை அவர், குரலைத் தணித்துக்கொண்டார். வேறொரு கித்தாரை எடுத்து நீட்டி, முக்காலியைக் காலால் நகர்த்தினார். "வாசிக்கத் தெரிஞ்சவர் இப்படிச் செய்யலாமா? உட்காருங்க. இதை வாசிச்சுப் பாருங்க, வித்தியாசம் தெரியும்."

பையன்கள் வழிவிட்டார்கள். வாசிக்க வேண்டுமானால் துண்டை அவிழ்க்க வேண்டும். அவிழ்த்தால், அந்தக் கையால் ஆறு கம்பியை முடிச்சுப் போட்டிருக்க முடியாது என்று எல்லோருக்கும் தெரிந்துபோகும். நான் பொய்யன் என்று ஆகிவிடும். கடைக்காரர் நீட்டிய கித்தாரையே அண்ணன் பார்த்துக்கொண்டு நின்றான்.

"எனக்கு வாசிக்க வராது சார்" என்றான். வெளியே நடந்தான்.

அவன் சாகவில்லை. அந்தப் பட்டறையிலேயே கேட்டில் வாட்ச்மேனாக உட்கார வைத்தார்கள். உடைந்த கித்தாரை அவன் சரிசெய்யச் சொல்லவில்லை, என்னைத் திட்டவுமில்லை. நான் அவன் காலில் விழுந்திருக்க வேண்டும். நாளைக்கு, நாளைக்கு என்று இருந்துவிட்டேன். சபையில் பின்னால் சுவரோரம் உட்கார்ந்து எல்லோரோடும் பாடினான். இரண்டு வருடம் கழித்து வந்த புதுப் போதகர் ஒவ்வொருவராக விசாரித்துக்கொண்டு வந்தார். அண்ணனிடம், "இங்கே யாருக்காவது கித்தார் தெரியுமா? உங்களுக்குத் தெரியும்னு யாரோ சொன்னாங்களே" என்று கேட்டார். நான் பக்கத்தில் இருந்தேன்.

"அய்யோ, எனக்கு இன்னா தெரியும்? வாசிக்கவே வராதுங்க ஐயா" என்றான் அண்ணன்.

நான் அப்போதும் வாயைத் திறக்கவில்லை.