சித்தப்பா சொன்னதாகச் சொன்ன பேச்சு

கல்லூரியில் அவளுக்கு 'யாரு சொன்னா மேடம்' என்று பெயர். வரலாற்றுத் துறையில் ஆசிரியை. வகுப்பில் எவனாவது "அந்தக் காலத்துல இப்படித்தான்" என்று ஆரம்பித்தால் போதும், "யாரு சொன்னா?" என்று மடக்கிவிடுவாள். மாணவர்கள் வைத்த பெயர் ஆசிரியர் அறையையும் தாண்டித் தபால்காரர் வரை போயிருந்தது. அவளுக்கு அதில் வருத்தம் இல்லை. அவள் பிழைப்பே அந்தக் கேள்விதான்.

இஸ்லாத்தின் முதல் இரண்டு நூற்றாண்டுகளைப் பற்றியது அவளுடைய ஆய்வு. நபிகளைப் பற்றியும் அவருடைய தோழர்களைப் பற்றியும் செய்திகள் பெரும்பாலும் வாய்வழியாக நடமாடிய காலம் அது. எனக்கு இன்னார் சொன்னார், அவருக்கு இன்னார் சொன்னார் என்று ஒவ்வொரு செய்திக்கு முன்னாலும் ஒரு பெயர்வரிசை நிற்கும். இவர் அவரைப் பார்த்திருக்க முடியுமா, ஞாபகம் எப்படி, வாய்க்கு வந்ததைச் சொல்கிற ஆளா என்று பிற்பாடு வந்த அறிஞர்கள் அந்த வரிசையைச் சல்லடை போட்டுச் சலித்தார்கள். அவளும் பெரிய தாள்களில் பெயர்களை எழுதிக் கோடு இழுப்பாள். பல வழியாக வந்த செய்தி ஒரே ஆளிடம் போய் முட்டி நின்றால், அந்தப் பெயரைச் சுற்றிப் பென்சிலால் வட்டம் போடுவாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசை முழுக்கத் தாளை விரித்திருந்தாள். தட்டு வைக்க இடமில்லாமல் நின்ற அம்மா கேட்டாள்.

"அப்படி என்னத்தத்தான்டி கோடு கோடா இழுக்கற?"

எல்லோருக்கும் தெரிந்த ஒன்றைச் சொன்னால் புரியும் என்று அவள் வீட்டு விஷயத்தையே எடுத்தாள். அவள் மேல்படிப்பில் சேர்ந்தபோது, "பொண்ணப் படிக்க வச்சு என்னத்தக் கிழிக்கப் போறான்" என்று சித்தப்பா சொன்னாராம். அதிலிருந்து அப்பாவுக்கும் அவருக்கும் பேச்சு வார்த்தை கிடையாது. அப்பா பம்பு மெக்கானிக். சித்தப்பாவின் டயர் கடை அடுத்த தெருவில்தான். எதிரே வந்தால் இருவரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு போவார்கள்.

"உனக்கு யாரும்மா சொன்னா?"

"உங்க அண்ணன்தான்."

அண்ணனுக்குச் சொன்னது அத்தை. பக்கத்து வீட்டுத் தையல்காரிக்குச் சொன்னதும் அத்தை. கை கழுவிக்கொண்டிருந்த அப்பா திரும்பிப் பார்த்தார்.

"எனக்கும் அக்காதான் சொன்னா. அவ பொய்யா சொல்லுவா?"

சித்தப்பா வாயால் கேட்டவர்கள் அந்த வீட்டில் ஒருவரும் இல்லை. அவள் வட்டம் போடவில்லை. தாளைச் சுருட்டி வைத்தாள்.

மறுநாள் அத்தை வீட்டுக்குப் போனபோது, அத்தை துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். கேள்வியைக் கேட்டதும் கை நின்றது. பிறகு ஒரு தலையணை உறையை எடுத்து, மடித்ததையே திரும்ப மடித்தாள்.

"அது உங்க மாமா சொன்னது" என்றாள். மாமா இறந்து சில வருடம் ஆகியிருந்தது. "எப்படியோ உங்கப்பன் காதுக்குப் போயிடுச்சு. எவன் சொன்னான்னு குதிச்சான். என் வீட்டுக்காரர் பேரச் சொன்னா நான் அந்த வாசப்படி மிதிக்க முடியுமா? சின்னவன்தானே, ரெண்டு நாள்ல ஒண்ணா சேந்துக்குவாங்கன்னு அவன் பேரச் சொல்லிட்டேன்."

"அப்புறமாவது சொல்லியிருக்கலாமே அத்தை?"

"யாரும் கேக்கல."

அவள் அப்பாவிடம் சொன்னதும் அவர் சட்டையை மாட்டிக்கொண்டு டயர் கடைக்கு நடந்தார். இவளும் பின்னாலேயே போனாள்.

சித்தப்பா லாரி டயர் ஒன்றைக் கடப்பாரையால் நெம்பிக்கொண்டிருந்தார். அண்ணனைப் பார்த்ததும் நிமிர்ந்தார்.

"நீ சொல்லலியாமே?" என்றார் அப்பா.

"எதை?"

"இவ படிப்பப் பத்தி."

சித்தப்பா அவளைப் பார்த்தார். கறை படிந்த கையைத் துணியில் வெகுநேரம் துடைத்தார்.

"சொல்லலண்ணே. ஆனா நெனச்சேன். அதான் நீ மூஞ்சியத் திருப்பிக்கிட்டப்போ என்னன்னு வந்து கேக்க வாய் வரல."

அவளுக்கு என்ன முகம் காட்டுவது என்று தெரியவில்லை. பெயரை மாற்றிச் சொன்ன பொய்தான். ஆனால் அந்த நினைப்பு சித்தப்பா மனதிலும் இருந்திருக்கிறது. இதை எந்தத் தாளில் எப்படி எழுதுவது?

அப்பா கடைக்குள் பார்வையை ஓட்டினார். மூலையில் காற்றடிக்கும் இயந்திரம் கடகடத்துக்கொண்டிருந்தது.

"பெல்ட்டு தளர்ந்து கெடக்கு. காது கேக்கலியாடா உனக்கு?"

"ரெண்டு மாசமா அப்படித்தான் ஓடுது."

"ஓடும், ஓடும். ஒரு நாள் அறுந்து மூஞ்சிலயே அடிக்கும். பதினாலாம் நம்பர் ஸ்பேனர எடு."

சித்தப்பா ஓடிப்போய் எடுத்து வந்தது பன்னிரண்டாம் நம்பர். அப்பா அதற்கு ஒரு திட்டு திட்டினார். அவள் கல்லூரிக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினாள்.

அத்தையோடு அப்பா அந்த வருடம் முழுக்கப் பேசவில்லை. அத்தைக்குக் கண் அறுவைசிகிச்சை நடந்தபோது மருத்துவமனைக்கு மட்டும் போனார். கட்டுப் போட்ட கண்ணோடு அத்தை, "யாரு வந்திருக்கா?" என்று கேட்டாள்.

"நான்தான்" என்று சொல்லிவிட்டு, கட்டிலோரம் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்தார்.