மல்லாட்டைக் கொல்லையில் குடைக்கம்பி

பட்டாளத்திலிருந்து ஓய்வுபெற்று ஊருக்கு வந்த பிறகு, சோதனைகளை வெல்வது எப்படி என்று பேச என்னைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். விழுப்புரத்தில் கல்லூரி, திண்டிவனத்தில் பள்ளிக்கூடம் என்று போய்வந்தேன். எல்லையில் கண்ணிவெடி எடுக்கிற வேலையில் இருந்தவன் என்பதால் மரியாதை கொஞ்சம் அதிகம். "பயமா? அதை ரயிலேறும்போதே விழுப்புரம் ஸ்டேஷனில் விட்டுட்டேன்" என்று மேடையில் ஒரு போடு போடுவேன். கைதட்டல் பிய்த்துக்கொண்டு போகும். முன்வரிசையில் என் மனைவியும் கைதட்டுவாள்.

அவளும் அதை நம்பினாள். அதுதான் வினையாகப் போயிற்று.

ஒலக்கூர் பக்கம் எங்களுக்கு ஒரு மல்லாட்டைக் கொல்லை உண்டு. மல்லாட்டை என்றால் நிலக்கடலை. முற்றிவிட்டதா என்று தெரிய, ஒரு செடியைப் பிடுங்கி ஓட்டை உடைத்து, உள்பக்கம் கறுத்திருக்கிறதா என்று பார்ப்போம். அன்று காலை அவள் அதற்காகத்தான் கொல்லையின் நடுவுக்குப் போனாள். எங்கள் நாய் அவளுக்கு முன்னால் ஓடியது. நான் வரப்பில் நின்று வேப்பங்குச்சியை மென்றுகொண்டிருந்தேன்.

டமார் என்றது. நாய் நின்ற இடத்தில் புகைதான் இருந்தது.

பன்றி வெடி. காட்டுப்பன்றி பிடிக்க, வெடிமருந்தை ஆட்டுக்குடலில் சுற்றி யாரோ இரவோடு இரவாகப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். கடித்தாலும் வெடிக்கும், மிதித்தாலும் வெடிக்கும். ஒன்றோடு நிறுத்துகிற வழக்கமும் கிடையாது, நாசமாய்ப் போகிறவர்களுக்கு.

"நவுராதமே! நிக்கற எடத்துலயே நில்லு!" என்று கத்தினேன்.

நின்றாள். செடி மூடிக் கிடந்ததால், போனபோது எங்கெங்கே கால் வைத்தாள் என்று அவளுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. பக்கத்துக் கொல்லைக்காரர் போலீசுக்கு போன் போட்டார். ஆள் வர நேரமாகும் என்றார்கள். அவளுக்கோ சுகர், வெறும் வயிறு வேறு. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. மயங்கினால் எதன்மேல் விழுவாளோ என்று எனக்கு ஈரக்குலை நடுங்கியது.

"நீங்க பாக்காத வெடியா சார்?" என்றார் பக்கத்துக் கொல்லைக்காரர். அவரைக் கடித்துக் குதறலாம் போலிருந்தது. பட்டாளத்தில் நான் எடுத்த எந்த வெடிக்கும் அந்தப் பக்கம் என் மனைவி நின்றதில்லை. திரும்பி ஓடிவிடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

மோட்டார் கொட்டகையில் உடைந்த குடை ஒன்று கிடந்தது. அதன் கம்பியைப் பிடுங்கிக்கொண்டு கொல்லைக்குள் மண்டியிட்டேன். பட்டாளத்தில் பழக்கியபடியே மண்ணில் சாய்வாகக் குத்திப் பார்த்து, ஒரு சாண் நகர்ந்து, மறுபடியும் குத்தினேன்.

"மண்ணுல இன்னாத்த தேடறீங்க?" என்று அவள் அங்கிருந்து கத்தினாள். "பன்னி தின்றதுக்குப் போட்டது, மேலதான் கெடக்கும். எலைய வெலக்கிப் பாருங்க!"

சுரீரென்றது. எதிரி வெடியைப் புதைப்பான், பன்றி பிடிக்கிறவன் எதற்குப் புதைக்கப்போகிறான்? இத்தனை நேரமும் கீழே குத்திக்கொண்டு, பார்க்காத செடிக்குள் முகத்தை விட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். அதற்கப்புறம் பயம் இரண்டு பங்கானது. செடி செடியாக இலையை விலக்கினேன். வியர்வை கண்ணில் இறங்கியது, துடைக்கக் கை வரவில்லை. அவள் காலுக்கு ஒரு முழம் முன்னால், இலைக்கடியில், ஈ மொய்க்க ஒன்று கிடந்தது.

அதைச் சுற்றிப் போய் அவள் கையைப் பிடித்தேன். வந்த தடத்திலேயே திரும்பினோம். என் சட்டையை இறுகப் பிடித்தபடி, நான் கால் வைத்த இடத்திலேயே கால் வைத்து வந்தாள். வரப்பேறியதும் நாயை நினைத்து அழுதாள். தண்ணீர் குடித்து ஓய்ந்த பிறகு, "எப்பிடிமே அவ்ளோ நேரம் அசையாம நின்ன?" என்று கேட்டேன்.

"எங்க நின்னேன்? பயமே இல்லாத மனுசன் எதிர்ல கீறாரு, நமக்கு இன்னா, நடந்து போயிடலாம்னு ஒரு கால தூக்கிட்டேன். அப்பதான் உங்க கையப் பாத்தேன். கம்பி அப்பிடி ஆடிக்கினு இருந்துது. நீங்களே பயந்துக்கினு கீறீங்கன்னு தெரிஞ்சதும், தூக்கின கால அதே எடத்துல வச்சிட்டேன்."