மூச்சு முட்டிய இலை ஊதும் மிஷின்

என் வீட்டுக்காரர் தங்கச் சுரங்க வேலையை விட்டு வந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. விருப்ப ஓய்வு என்று காகிதத்தில் போட்டிருந்தது. அதில் விருப்பம் எந்த வரியில் இருந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஆனாலும் காலை ஷிஃப்டுக்கு எழுகிற நேரத்துக்கே எழுந்து, சட்டை மாட்டிக்கொண்டு வாசலில் போய் நிற்பார். போக இடம் இருக்காது. உள்ளே திரும்பி வந்து என் ரசத்தில் குறை கண்டுபிடிப்பார். கல்யாணமான நாளிலிருந்து யார் கண்ணிலும் படாத குறையெல்லாம் அந்த நான்கு மாதத்தில் வெளியே வந்தது.

அதனால்தான், சாம்பியன் ரீப்ஸ் சுரங்கத்துப் பக்கம் ஒரு பங்களாவைக் காலி செய்தபோது விற்ற பழைய சாமான்களிலிருந்து, முதுகில் மாட்டிக்கொள்ளும் இலை ஊதும் மிஷின் ஒன்றை அவர் தூக்கி வந்தபோது நான் சண்டை போடவில்லை. மனிதர் கையில் ஸ்பானர் இருந்தால் என் ரசம் பிழைக்கும்.

மிஷினைப் பற்றிக் கேள்விப்பட்டு, தெருக்கோடிப் பள்ளிக்கூடத்துத் தலைமை ஆசிரியை கூப்பிட்டு அனுப்பினார். மைதானத்தைச் சுற்றி வரிசையாகத் தூங்குமூஞ்சி மரங்கள். எவ்வளவு பெருக்கினாலும் இலை தீராது. சனிக்கிழமை விளையாட்டு விழாவுக்கு முன்னால் சுத்தமாக ஊதிக் கொடுத்தால், இனி வாரம் இரண்டு நாள் அந்த வேலை அவருக்குத்தான் என்றார். அன்றைக்கு என் வீட்டுக்காரர் ரசம் பிரமாதம் என்று சொல்லி இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டார்.

வியாழக்கிழமை வேப்பமரத்தடியில் ஒத்திகை பார்த்தார். முதல் பத்து நிமிடம் மிஷின் தெருவையே அலற வைத்தது. அப்புறம் ஆக்ஸிலேட்டரை எவ்வளவு முறுக்கினாலும் முக்கியது, முனகியது. இலைக் குவியலில் ஓர் இலை மட்டும் தயவு பண்ணிப் புரண்டு படுத்தது.

பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். மொபெட் வைத்திருப்பதால் டூ ஸ்ட்ரோக் என்ஜின் எல்லாவற்றுக்கும் அவர்தான் டாக்டர்.

"பிளக்குதாங்க. வேற இன்னா?"

என் வீட்டுக்காரர் புது பிளக் போட்டார். அதே கதை. ஏர் ஃபில்டரைக் கழற்றினார். தங்கம் பிரித்தபின் கொட்டிய சயனைட் மண்மேட்டுப் புழுதி சோற்றிலேயே விழுகிற ஊர். ஃபில்டரில் ஒரு பிடி மண் இருந்தது. சோப்புத் தண்ணீரில் அலசிக் காயவைத்து மாட்டினார். ஐந்து நிமிடம் கூடுதலாக ஓடிவிட்டுப் படுத்தது. கார்புரேட்டரை அக்கு வேறு ஆணி வேறாகப் பிரித்தார், அதுவும் என் சாப்பாட்டுத் தட்டில். டேங்க் மூடியைத் தளர்த்திப் பார்த்தார். பெட்ரோலை மாற்றினார். ஒவ்வொரு தடவையும் பிளக் மட்டும் கரியும் ஈரமுமாக வெளியே வந்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டார்.

"நம்மால ஆவாது மே. காலையில போயி, வேற ஆள் பாருங்கன்னு சொல்லிட்டு வந்துடறேன்."

எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்துக்கு அடியில் பயம் இருந்தது. சட்டை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கும் அந்த முகத்தை இன்னும் எத்தனை மாதம் பார்ப்பது?

"சொல்றது அப்புறம் சொல்லுங்க. இன்னொரு தடவ ஸ்டார்ட் பண்ணுங்க" என்றேன்.

மிஷின் முனகத் தொடங்கியதும், கொடியில் காய்ந்த என் வெளிர் மஞ்சள் புடவையில் கறுப்பு எண்ணெய்ப் பொட்டுகள் தெறித்தன. திட்டுவதற்காகத்தான் கிட்டே போனேன். சைலன்சர் வாயில் எண்ணெய் சொட்டுகிறது, ஆனால் புகை வரவில்லை. கையைக் காட்டினேன். ஆறின காப்பியை ஊதுகிற அளவுக்குக்கூட காற்று இல்லை.

"உள்ள போறதெல்லாம் ரெண்டு நாளா பாத்தீங்களே, வெளிய போற வழிய பாத்தீங்களா?"

மிஷினை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார். "ரிட்டர்ன் ஏர்!" என்று கத்தினார்.

சுரங்கத்துக்குள் கெட்ட காற்று ஒரு ஷாஃப்ட் வழியாக வெளியேறினால்தான், நல்ல காற்று இன்னொரு ஷாஃப்ட் வழியாக இறங்கும். வெளியேறும் வழி அடைத்தால் உள்ளே இருப்பவன் கதி அதோகதி. வருஷக்கணக்காக அந்தக் காற்றைக் குடித்து வாழ்ந்த மனிதருக்குத் தன் மிஷினின் மூச்சு தெரியவில்லை. சைலன்சரைக் கழற்றினால், அதன் வாயிலிருந்த கம்பி வலை பொங்கல் பானை அடிபோலக் கரி பிடித்து அடைத்துக் கிடந்தது.

"பெட்ரோல்ல எண்ணெய் எவ்ளோ ஊத்துறீங்க?"

டம்ளரைக் காட்டினார். முக்கால் டம்ளர், ஒரு லிட்டருக்கு! டேங்கின் பக்கவாட்டு அழுக்கை முந்தானையால் துடைத்தேன். லிட்டருக்கு நாற்பது மில்லி என்று அச்சடித்திருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை.

"எண்ணெய் இல்லாம டிரில்லு சிக்கி நின்னுச்சுன்னா இன்னா ஆவும்னு உனக்குத் தெரியாது மே. சுரங்கத்து அடியில அந்தச் சத்தம் கேட்டவன் எண்ணெயக் கொறைக்க மாட்டான்."

"அது காத்துல ஓடுற டிரில்லுங்க. இது எண்ணெயையும் சேத்து எரிக்கிற ஜென்மம். அளவா ஊத்துங்க, சாவாது."

அடுப்புத் தணலில் வலையைச் சிவக்கக் காய்ச்சிக் கரியைத் தட்டினேன். அவர் சைலன்சரைப் பழைய ரம்பத் தகட்டால் சுரண்டினார். பிறகு பத்து மில்லி பிடிக்கிற இருமல் மருந்து மூடியால் நான்கு மூடி எண்ணெய் அளந்தார். ஐந்தாவதற்குக் கை போனது. நான் பார்த்த பார்வையில் திரும்பி வந்தது.

சனிக்கிழமை காலை நான் கூடப் போகவில்லை. தோற்றால் நான் பார்க்காமல் தோற்கட்டும் என்று நினைத்தேன். தெருக்கோடியிலிருந்து சத்தம் கிளம்பியது. பத்து நிமிடம் ஆனது. அடுப்பில் பருப்பு அடிப்பிடித்ததுகூடத் தெரியாமல் நின்றேன். இருபது நிமிடம். அரை மணி. சத்தம் இறங்கவே இல்லை.

மத்தியானம் பின்வாசலில் நிழல் தட்டியது. தலையெல்லாம் இலைத்தூள், புருவத்தில் புழுதி, சட்டை வியர்வையில் ஒட்டிக் கிடந்தது. உள்ளே வராமல் வாசற்படியிலேயே நின்றார்.

"மே, வெந்நீர் இருக்கா?"

ஷிஃப்ட் முடிந்து வந்ததும் அவர் கேட்கிற முதல் கேள்வி அது. இந்த நான்கு மாதத்தில் ஒருநாள்கூட அவர் அதைக் கேட்கவில்லை. வீட்டில் சும்மா இருப்பவனுக்கு வெந்நீர் எதற்கு என்று பச்சைத் தண்ணீரிலேயே குளித்துக்கொண்டிருந்தார்.

"தோ, அஞ்சு நிமிஷம்" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்கு ஓடினேன். அண்டாவில் தண்ணீர் மொள்ளும்போதே அழுதுவிட்டேன்.