நான் சொன்ன 'நல்லா இருக்கா'

போன திங்கட்கிழமை காலை என் மகள் நிவேதா வேலைக்குப் போனாள். இதில் எழுத என்ன இருக்கிறது என்பீர்கள். இருக்கிறது... அந்த வேலையை நான் கிட்டத்தட்டக் கெடுத்துவிட்டிருந்தேன். 

போன வருஷம் குரோம்பேட்டையில் நடந்த அரசு வேலைவாய்ப்பு முகாமில்தான் அவளுக்கு முதல் வேலை கிடைத்தது. உதிரிபாகக் கம்பெனியில் கொள்முதல் பிரிவு. படிவத்தில் என் போன் நம்பரைக் கொடுத்தோம். தெரியாத நம்பர் என்றால் அவள் எடுக்க மாட்டாள். நான் எடுத்துவிடுவேன்.

ஐந்தாவது மாதம் ஆர்டர் குறைந்தது. கடைசியாகச் சேர்ந்தவர்களை முதலில் வேலையைவிட்டு அனுப்பினார்கள்; நிவேதாவும் அதில் ஒருத்தி. எங்கள் முடிச்சூர் அப்பார்ட்மென்ட்டில் என்ன சொன்னேன்? 'ஒர்க் ஃப்ரம் ஹோம்.' இரும்பு உதிரிபாகத்துக்கு என்ன ஒர்க் ஃப்ரம் ஹோம் என்று நல்லவேளை யாரும் கேட்கவில்லை.

ஒரு நாள் தாம்பரத்திலிருந்து ஷேர் ஆட்டோவில் வந்துகொண்டிருந்தேன். பக்கத்தில் கீழ்வீட்டு மல்லிகா அக்கா. போன் அடித்தது.

"வணக்கம்மா, வேலைவாய்ப்பு முகாம்லேர்ந்து பேசறோம். நாங்க சேத்துவிட்ட கம்பெனியில உங்க பொண்ணு நிவேதா இன்னும் வேலையில இருக்காங்களா?"

என் போன் ஸ்பீக்கர் போடாமலே ஊருக்குக் கேட்கும். மல்லிகா அக்கா ரோட்டைப் பார்த்தபடியே என் பக்கம் சாய்ந்தார்.

"இருக்கா மேடம்."

"சம்பளம் ஒழுங்கா வருதா?"

"வருது."

"திருப்தியா இருக்காங்களா?"

"ரொம்ப நல்லா இருக்கா மேடம்."

மல்லிகா அக்கா நிமிர்ந்தார். "பரவால்லியே, கவர்மென்ட்டே போன் போட்டு விசாரிக்குது. உன் பொண்ணுக்கு இன்னா குறை?"

வீட்டில் இதை நான் சொல்லவே இல்லை. சொல்ல என்ன இருக்கிறது என்று நினைத்தேன்.

இரண்டு வாரம் கழித்து, வேலை இழந்தவர்களுக்கு மட்டும் இரண்டாவது முகாம் என்றார்கள். நிவேதாவோடு சேர்ந்து வேலை போன தோழிக்கு அழைப்பு வந்தது. இவளுக்கு வரவில்லை. போன் செய்து கேட்டாள். 'உங்க பேருக்கு நேரா, பணியில் தொடர்கிறார்னு இருக்கே. வேலையில இருக்கறவங்களுக்கு இது கிடையாதும்மா.' பெயர் சேர்க்க மறுநாள்தான் கடைசி.

போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "அம்மா, உனக்கு ஏதாவது போன் வந்துச்சா?"

சொன்னேன். ஆட்டோ, மல்லிகா அக்கா, எல்லாம். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. "எனக்கு வேலை இல்லன்னு அந்த ஆன்ட்டிக்குத் தெரிஞ்சா என்னம்மா ஆயிடும்?" என்று மட்டும் கேட்டாள்.  உங்களிடம் இதற்குப் பதில் இருக்கிறதா?

காலையில் இருவரும் அந்த அலுவலகத்தில் நின்றோம். பெரிய வரிசை. மேஜையில் இருந்த பெண்ணின் குரலைக் கேட்டதுமே தெரிந்துவிட்டது - போனில் பேசியவர் இவர்தான்.

"யார் பதில் சொன்னாங்களோ அவங்களே மாத்திச் சொல்லணும்மா. பொண்ணு வேலையில இருக்காங்களா?"

"இல்ல."

"ஃபேன் சத்தத்துல கேக்கல. கொஞ்சம் சத்தமா..."

பின்னால் அத்தனை பேர். "இல்லங்க. வேலை போச்சு. போயி ரெண்டு மாசம் ஆச்சு."

எனக்குப் பின்னால் நின்றவர் தொண்டையைச் செருமினார். "மேடம், என் பையனுக்கும் அப்படியே மாத்திக்குங்க. நானும் நல்லாருக்கான்னுதான் சொல்லி வெச்சேன்." அவருக்குப் பின்னால் ஓர் அம்மா: "எனக்கும்மா."

அந்தப் பெண் பேனாவைக் கீழே வைத்தார். "நல்லா இருக்கும்மா. இந்தப் பக்கம் யாருக்கும் வேலையே போகலன்னு நாங்க ரிப்போர்ட் எழுதி, அதை மேல பாராட்டி, இனிமே இங்க முகாமே வேணாம்னு பேசிக்கிட்டு இருக்காங்க. நீங்க எல்லாம் வீட்டுக்கு வீடு வேலையில்லாம உக்காந்துக்கிட்டு இருக்கீங்க."

வரிசை முழுக்கச் சிரித்தது. நானும்தான். 

வேலை வாங்கிக் கொடுத்ததோடு விடாமல், ஆறு மாதம் கழித்து அது நிலைத்ததா என்று கேட்கிறார்களே - நல்ல வழக்கம். அதுவும் கம்பெனிகள் ஆள் குறைக்கும் காலத்தில் அவசியமான கேள்வி. ஆனால் போனை எடுப்பது யார்? நாங்கள். திட்டம் தேறியதா என்று அவர்கள் கேட்கிறார்கள். என் பெண் தேறினாளா என்று எங்கள் காதில் விழுகிறது. பெற்றவர்கள் மார்க் போட்டால் எந்தப் பிள்ளை ஃபெயிலாகும்?

பெயர் சேர்ந்தது. முகாமுக்குப் போனாள். ஓர் ஆஸ்பத்திரியின் ஸ்டோர்ஸ் பிரிவில் எடுத்துக்கொண்டார்கள். திங்கட்கிழமை அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அவள் படியிறங்கிய பிறகுதான் நான் காபியே குடித்தேன்.

ஊருக்குப் பயந்து 'வேலை இருக்கு' என்று சொன்ன வரை வேலை வரவில்லை. 'போச்சு' என்று சத்தமாகச் சொன்ன பிறகுதான் வந்தது.